எல்க் வேட்டை கத்துக்க எதைப் படிக்கலாம், எதைப் பாக்கலாம்? (கொலராடோ, முதல் சீசன்)

வைகைக்கரை
பிப்ரவரி 9

எல்லாருக்கும் வணக்கம். டென்வர் பக்கத்துல தார்ன்டன்ல இருக்கேன், கொலராடோ வந்து மூணு வருஷம் ஆச்சு. போன வருஷம் கூட வேலை பாக்குற ஒருத்தர் அவரு ஃப்ரீசர்லேர்ந்து ரெண்டு கிலோ எல்க் (இங்க மலையில இருக்குற பெரிய மான்) கறி குடுத்தாரு, வீட்ல மிளகு தட்டிப் போட்டு சுக்கா பண்ணோம், அன்னிலேர்ந்து இந்தக் கறிய நானே காட்டுலேர்ந்து தூக்கிட்டு வரணும்னு மனசுல உக்காந்துருச்சு. ஊர்ல எங்க தாத்தா காலத்துல முயல் கவுதாரின்னு போயிருக்காங்களாம், எனக்கு அந்த அனுபவம் எதுவும் கிடையாது, துப்பாக்கியும் இதுவரைக்கும் தொட்டதில்ல.

நாலு மாசமா தினம் ராத்திரி யூடியூப்தான். பாக்கப் பாக்க குழப்பம் கூடுது. ஒருத்தர் பியூகிள் (ஆண் எல்க் கத்துற சத்தம்) ஊதிக் கூப்புடுங்கறாரு, இன்னொருத்தர் சத்தமே போடாதீங்கங்கறாரு, ஒருத்தர் பத்து மைல் உள்ள போ, இன்னொருத்தர் ரோட்டோரமே தேடு. இப்ப ஷாப்பிங் கார்ட்ல ஒரு ஆன்லைன் கோர்ஸ், ஒரு மேப் ஆப் சந்தா, மூணு புக்கு, ஒரு செட் ஊதல் எல்லாம் போட்டு வச்சிருக்கேன். 300 டாலருக்குள்ள முடிக்கணும். வர்ற அக்டோபர்ல ரெண்டாவது ரைஃபிள் சீசன் போறதா இருக்கேன். எதை வாங்குறது எதை விடுறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாறைக்காட்டான்
பிப்ரவரி 9

தம்பி, கார்ட்டை அப்படியே வைங்க, ஒண்ணும் வாங்காதீங்க இப்ப. நான் கிராண்ட் ஜங்ஷன் பக்கம், பதினோரு சீசன் போயிருக்கேன், அதுல முதல் நாலு வருஷம் வெறுங்கையோட திரும்பினவன். உங்க குழப்பத்துக்குக் காரணம் நீங்க சொன்னதுலயே இருக்கு. ரெண்டாவது ரைஃபிள் சீசன்னா அக்டோபர் கடைசி. நீங்க பாக்குற வீடியோல பத்துக்கு எட்டு செப்டம்பர்ல வில்லு வச்சு எடுத்தது. செப்டம்பர்ல எல்க்குக்கு இனச்சேர்க்கை காலம், ஆண் எல்க் கத்திக்கிட்டே திரியும், கூப்புட்டா பதில் குடுக்கும், சண்டைக்கு வரும், அதனாலதான் கேமராக்காரங்க அந்த மாசத்தையே எடுக்குறாங்க. அக்டோபர் கடைசில அதே மிருகம் வேற மிருகம். சண்டை போட்டு ஓடி ஓடி மெலிஞ்சு போயிருக்கும், கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு தனியா, இல்ல ரெண்டு மூணு ஆணா சேர்ந்து, மனுசன் போகவே யோசிக்கிற செங்குத்தான இருட்டுக் காட்டுக்குள்ள புல்லும் தண்ணியும் கிட்டத்துல இருக்குற மாதிரி ஒரு மூலையில ஒதுங்கிடும், தின்னும், படுக்கும், அவ்வளவுதான். முதல் சீசன் துப்பாக்கிச் சத்தம் வேற கேட்டிருக்கும். அதுகிட்ட போயி பியூகிள் ஊதுனா நீங்க எங்க இருக்கீங்கன்னு நீங்களே சொல்லிக் குடுக்குற மாதிரிதான்.

அதனால எந்த கோர்ஸ் எந்த புக்கா இருந்தாலும் முதல்ல கேக்க வேண்டியது, இவரு எந்த மாசம், எந்த மாநிலம், எந்த ஆயுதம்னு. மூணும் உங்களுக்கு ஒத்துவரலேன்னா மூடி வைங்க. நல்ல ஆளா இருப்பாரு, சொல்றது உண்மையாவும் இருக்கும், ஆனா உங்களுக்குச் சொன்னது இல்ல அது.

மத்தது நாளைக்கு எழுதுறேன்.

புதுசா_வந்தவன்
பிப்ரவரி 10

அண்ணா இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எச்1பி விசால இருக்குறவங்க இதுக்கெல்லாம் போலாமா?

பாறைக்காட்டான்
பிப்ரவரி 10

போலாம், ஆனா வரிசை மாறக் கூடாது. எச்1பி மாதிரி தற்காலிக விசால இங்க இருக்குறவங்க துப்பாக்கியும் தோட்டாவும் வச்சிருக்கக் கூடாதுங்கறது ஃபெடரல் சட்டம். அமெரிக்கால ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த, செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் கையில இருந்தா அதுக்கு விலக்கு இருக்கு. அப்ப முதல்ல ஹன்டர் எஜுகேஷன், அப்புறம் லைசென்ஸ், அதுக்கு அப்புறம்தான் துப்பாக்கியத் தொடுறது. நண்பனோடதை ரேஞ்ச்ல (சுட்டுப் பழகுற இடம்) ஒரு தடவை புடிச்சுப் பாப்போம்னுகூட அவசரப்படாதீங்க, விசா விஷயம், ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க. கிரீன் கார்டு இருந்தா இந்தச் சிக்கல் இல்ல.

வைகைக்கரை, உங்களுக்கு மீதி. 1949 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்த யாரா இருந்தாலும் ஹன்டர் எஜுகேஷன் கார்டு இல்லாம கொலராடோல லைசென்ஸ் கிடையாது. ஆன்லைன்ல வேகமா முடிக்கிற வழிய விட நேர்ல வகுப்பு நடக்குற இடத்துக்குப் போங்க. பாடம் ஒண்ணுதான், ஆனா சொல்லிக் குடுக்குறவரு அம்பது வருஷம் அந்த மலையில திரிஞ்ச ஆளா இருப்பாரு, வகுப்பு முடிஞ்சு வெளிய நின்னு அரை மணி நேரம் பேசுனா அது உங்க 150 டாலர் கோர்ஸை விடப் பெருசு. எனக்கு முதல் குரு அப்படித்தான் கெடச்சாரு.

அடுத்தது கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் (மாநில வனவிலங்குத் துறை) தர்றது, எல்லாமே இலவசம். எல்க் ஹன்டிங் யுனிவர்சிட்டின்னு ஒரு கட்டுரைத் தொடர் போட்டிருக்காங்க, கொலராடோ மலைக்குன்னே எழுதுனது, புதுசா வர்றவங்களுக்குன்னே எழுதுனது. வருஷா வருஷம் வர்ற பிக் கேம் கையேடு இருக்கு, அதை வரிவரியா படிங்க, அதான் சட்டம். பெரும்பாலான யூனிட்ல (வேட்டைக்காகப் பிரிச்சு வச்ச பகுதி) ஆண் எல்க் சுடணும்னா ஒரு பக்கக் கொம்புல நாலு கிளை இருக்கணும், இல்ல புருவத்துக்கு மேல வர்ற கிளை அஞ்சு இன்ச்சாவது இருக்கணும். ரைஃபிள் சீசன்ல இடுப்புக்கு மேல 500 சதுர இன்ச் பளிச் ஆரஞ்சு இல்ல பிங்க் போடணும், தொப்பியும் அந்தக் கலர்ல. இதெல்லாம் யூடியூப்ல கேட்டுத் தெரிஞ்சுக்குற விஷயமில்ல.

அப்புறம் அறுவடைப் புள்ளிவிவரம். ஒவ்வொரு யூனிட்லயும் எத்தனை பேரு போனாங்க, எத்தனை எல்க் கெடச்சுதுன்னு சீசன் வாரியா வெளியிடுறாங்க. இதை நாலஞ்சு வருஷத்துக்கு எடுத்து வச்சுப் பாத்தா மனசு ஒரு நெலைக்கு வந்துரும். கொலராடோல 2,80,000 எல்க் இருக்குன்னு கணக்கு, உலகத்துல வேற எங்கயும் இவ்வளவு இல்ல, இருந்தும் போறவங்கள்ல அஞ்சுல நாலு பேருக்குக் கிடைக்காது. கிடைக்காம வர்றதுதான் வழக்கம்னு தெரிஞ்சுகிட்டு போங்க.

ஈரோட்டுக்காரி
பிப்ரவரி 11

வணக்கங்க. எல்லாரும் எப்படிக் கண்டுபுடிக்கிறது எப்படிச் சுடறதுன்னே பேசறோம்ங்க, சுட்ட பின்னாடி என்னங்கறதைத்தான் புதுசா வர்றவங்க யாரும் கத்துக்கறதில்ல. நான் கால்நடை மருத்துவம் படிச்சவ, வீட்டுக்காரர் கூட ஏழு வருஷமாப் போயிட்டிருக்கேன். முழு வளர்ச்சி ஆன ஆண் எல்க் 700 பவுண்டு இருக்குங்க, அதாவது 320 கிலோ, நம்மூரு காளை மாட்டு எடை. அது செத்து விழற இடம் வண்டி வர்ற இடமா இருக்காது. எலும்பு நீக்குன கறியே 200 பவுண்டு வரும், அம்பது பவுண்டா கட்டுனாக்கூட நாலு தடவை முதுகுல சுமக்கோணும். ரெண்டு மைல் உள்ள விழுந்துச்சுன்னா தனி ஆளுக்குப் போக வரன்னு பதினாலு மைல் நடை, அதுவும் பத்தாயிரம் அடி உயரத்துல. இதை முன்னாடியே கணக்குப் போட்டீங்கன்னா எத்தனை மைல் உள்ள போகலாம்ங்கற கேள்விக்கு உங்களுக்கே பதில் வந்துரும்ங்க.

கறி வெட்டறதுக்கு நான் சொல்ற பாடம் ஹலால் கடையில இருக்கு. ஒரு முழு ஆடு வாங்கிக்கங்க, துண்டு போட வேண்டாம்னு சொல்லிருங்க. வீட்ல மேசைல பிளாஸ்டிக் விரிச்சு சின்னக் கத்தி ஒண்ணுலயே பிரிச்சுப் பாருங்க. முன்னங்கால் உடம்போட எலும்பால சேர்ந்திருக்கறதே இல்லைங்க, வெறும் சதைதான், காலைத் தூக்கிப் புடிச்சுட்டு அக்குள் பக்கம் கத்திய ஓட்டுனா தனியா வந்துரும். பின்னங்கால்ல பந்துக்கிண்ண மூட்டு, அதுக்குள்ள ஒரு நரம்பு மாதிரி தசைநார் இருக்கும், அதை அறுத்தா போதும், ரம்பமே வேண்டாம். எல்க்கும் இதே அமைப்புதான், அளவு மட்டும் பத்து மடங்கு. வயித்தைத் திறக்காமயே நாலு காலும் முதுகுக் கறியும் எடுக்கற முறைக்கு நல்ல வீடியோ நெறைய இருக்கு, வீடியோ பாக்கறதா இருந்தா இதுக்குப் பாருங்க, கண்ணால பாத்தாத்தான் புரியும்.

தோலை உடனே எடுக்கோணும். எல்க் தோல் ரொம்பத் தடிப்பு, உள்ள இருக்கற சூடு வெளிய போகாது, அக்டோபர் குளிர்லகூட தொடை எலும்பு கிட்ட கறி கெட்டுப் போயிரும். துணிப் பையில போட்டு நெழல்ல காத்தோட்டமா தொங்க விடுங்க. ஆணா பெண்ணாங்கற அடையாளம் ஒரு துண்டுல ஒட்டியே இருக்கோணும், வெட்டி எடுத்துட்டா வழியில நிறுத்தற அதிகாரிகிட்ட மாட்டிக்குவீங்க. நாலு காலு, முதுகுக் கறி, உள் முதுகுக் கறி இதையெல்லாம் காட்டுல விட்டுட்டு வர்றது சட்டப்படி குத்தம். கொம்பை எடுத்துட்டுக் கறிய விட்டுட்டுப் போனவங்களை நான் நேர்ல பாத்திருக்கேன்ங்க, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

இன்னொண்ணு, சிடபிள்யூடினு மான் இனத்துக்கு வர்ற மூளை நோய். 1967ல ஃபோர்ட் காலின்ஸ்ல ஆராய்ச்சிக்கு அடைச்சு வச்ச மான்கள்கிட்டதான் முதல்ல கண்டுபுடிச்சாங்க. தலையைக் குடுத்தா கழுத்து நெணநீர்க் கட்டிய எடுத்துப் பரிசோதிப்பாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ஃப்ரீசர்ல வைங்க, பாசிட்டிவ்னா சாப்பிட வேண்டாம்ங்க.

கரிசல்மண்
பிப்ரவரி 11

படிக்கப் படிக்க எனக்கு மனசு ஒப்பல. நம்ம ஊர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம்தான் காடு கொஞ்சமாவது மூச்சு விட்டுச்சு. சாப்பாட்டுக்குக் கடையில கறி கிடைக்குறப்ப காட்டு மிருகத்தை ஏன் சுடணும்? சண்டைக்கு வரல, நெஜமாவே கேக்குறேன்.

பாறைக்காட்டான்
பிப்ரவரி 11

கேக்க வேண்டிய கேள்விதான். நானும் பாலக்கோடு பக்கத்துக்காரன், யானைக்காட்டு ஓரத்துல வளந்தவன், இந்தியாவுல அந்தச் சட்டம் வேணும்னு நெனைக்கிறவன். இங்க நிலைமை வேற. 1900 வாக்குல கொலராடோல எல்க் ஆயிரத்துக்கும் கீழ போயிருச்சு, வித்துக் காசாக்குறதுக்காகக் கணக்கில்லாம சுட்டதால. வயோமிங்லேர்ந்து ரயில்ல கொண்டு வந்து விட்டாங்க, வேட்டைய வருஷக்கணக்குல மூடுனாங்க. அப்புறம் 1937ல பிட்மன் ராபர்ட்சன் சட்டம், ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் மாநிலங்களோட வனவிலங்குத் துறைக்குப் போகுது. லைசென்ஸ் காசும் அதுக்குத்தான். எந்த யூனிட்ல எத்தனை எடுக்கலாம்னு எண்ணிப் பாத்துத்தான் டேக் (ஒரு மிருகத்தை எடுக்குறதுக்கான அனுமதிச் சீட்டு) குடுக்குறாங்க. இதுக்கு அப்புறமும் உங்களுக்கு ஒப்பலேன்னா அதை நான் மதிக்கிறேன். நானே ஒவ்வொரு தடவையும் சுட்டப்புறம் அது பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் கத்திய எடுப்பேன்.

கரிசல்மண்
பிப்ரவரி 12

பதிலுக்கு நன்றி. எனக்கு இன்னும் ஒப்பல, ஆனா வரி விஷயம் தெரியாது.

நுவரெலியாத்தம்பி
பிப்ரவரி 14

வணக்கம். நான் கல்கரியில இருக்கிறன், அல்பர்ட்டாவிலயும் எல்க் இருக்குது. பேரைப் பற்றி ஒரு சின்ன விசயம், எங்கட மலையில மரை எண்டு சொல்லுறதை, உங்கட பக்கம் கடமான் இல்லாட்டி மிளா எண்டு சொல்லுவினம், வெள்ளைக்காரன் காலத்தில அதைத்தான் எல்க் எண்டு எழுதி வச்சவங்கள். ஹோட்டன் சமவெளியில எல்க் வேட்டை எண்டு பழைய புத்தகத்தில வாசிச்சால் அது மரைதான். ஐரோப்பாவில எல்க் எண்டால் இங்கத்தை மூஸ். ஆகவே தேடேக்கை எந்த எல்க் எண்டு பாத்துத் தேடுங்கோ, நான் முதல் வாங்கின புத்தகம் சுவீடன் மூஸ் பற்றியது, ஒண்டுக்கும் உதவேல்ல. எங்கட இந்த எல்க்குக்கு வாப்பிட்டி எண்டும் பேர், காஷ்மீர் ஹங்குல் மான் இதுக்குச் சொந்தம்.

நான் சொல்ல வந்தது காத்தைப் பற்றி. எல்க் உங்களைக் கண்டாலும் சில நேரம் நிண்டு பாக்கும், சத்தம் கேட்டாலும் பொறுக்கும், மணம் பிடிச்சுதெண்டால் நிக்காது, அடுத்த மலைக்குப் போயிடும். மலையில காத்துக்கு ஒரு நாள் வழக்கம் இருக்கு. விடியக்காலையில குளிர்ந்த காத்து பள்ளத்தை நோக்கி இறங்கும், வெயில் சரிவில பட்டுச் சூடேறினதும் அது திரும்பி மேல ஏறத் தொடங்கும், பின்னேரம் நிழல் விழ மறுபடியும் இறங்கும். ஆகவே விடிய மேலயிருந்து கீழ வந்தால் உங்கட மணம் உங்களுக்கு முன்னால போய்ச் சேர்ந்திடும். இதைப் புத்தகத்தில வாசிச்சால் ஒரு நிமிசம், ஆனால் உடம்புக்குத் தெரியிறதுக்கு ஒரு முழுக் கோடை வேணும். சின்னக் குப்பியில மணமில்லாத பவுடர் வச்சு, நடக்கப் போற ஒவ்வொரு முறையும் ஊதிப் பாருங்கோ, எத்தனை மணிக்குத் திரும்புது எண்டு கொப்பியில எழுதுங்கோ. நான் இதைவிடப் பெரிய பாடம் எங்கயும் படிக்கேல்ல.

வைகைக்கரை
பிப்ரவரி 15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஊதல் செட்டையும் ரெண்டு புக்கையும் கார்ட்லேர்ந்து எடுத்துட்டேன். மேப் ஆப் மட்டும் கேக்கணும், ஆன்எக்ஸ் வாங்கலாமா இல்ல இலவசமா ஏதாவது போதுமா?

பாறைக்காட்டான்
பிப்ரவரி 15

காசு செலவு பண்றதுன்னா அதுல பண்ணுங்க. கொலராடோல தனியார் நிலத்துக்காரரு வேலியோ போர்டோ வைக்கணும்னு கட்டாயம் இல்ல, யாரு நிலத்துல நிக்கிறோம்னு தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது நம்ம பொறுப்பு. ஆன்எக்ஸ் மாதிரி ஆப்ல எல்லைக்கோடு தெரியும், சிக்னல் இல்லாத எடத்துக்கு முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்கலாம். அதோட துறையோட ஹன்டிங் அட்லஸ் இலவசம், எல்க் கோடைக்கு எங்க, குளிருக்கு எங்கன்னு அதுல படலமா போட்டிருப்பாங்க. ஃபாரஸ்ட் சர்வீஸ் வண்டிப்பாதை மேப்பும் இலவசம், அதுல வண்டி ஓடுற பாதையெல்லாம் குறிச்சுகிட்டு அதுலேர்ந்து ஒரு மைலுக்கு மேல தள்ளி, வடக்கு பாத்த சரிவுல அடர்ந்த காடு, அதுக்குக் கீழயோ பக்கத்துலயோ தண்ணி, தெக்கு பாத்த சரிவுல புல்லு, இது மூணும் சேர்ற எடமாத் தேடுங்க.

ஒரே ஒரு யூனிட். மூணு யூனிட்டை மேலோட்டமா படிக்காதீங்க. உங்க வீட்லேர்ந்து மூணு மணி நேரத்துல போற மாதிரி ஒண்ணு எடுத்து ஜூன்லேர்ந்து மாசம் ரெண்டு தடவை நடங்க. துறைல ஹன்ட் பிளானர்னு போன்ல பதில் சொல்றவங்க இருக்காங்க, சும்மா எங்க எல்க் இருக்குன்னு கேக்காம, மேப்ப முன்னாடி வச்சுகிட்டு இந்த ஓடைக்கு மேல இருக்குற சரிவுல அக்டோபர் கடைசில பனி விழலேன்னா எல்க் தங்குமான்னு கேளுங்க, கேள்வி சரியா இருந்தா பத்து நிமிசம் பொறுமையா பேசுவாங்க.

இப்பவே டிரால (டேக் குடுக்குற குலுக்கல்) போடணும்னா ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். டிரால போடாமயே நிறைய யூனிட்ல ரெண்டாவது மூணாவது சீசன் ஆண் எல்க் டேக் கவுண்டர்லயே ஆகஸ்ட்ல வாங்கிக்கலாம். ஆறு மாசம் இங்க குடியிருந்தா ரெசிடென்ட் கட்டணம், வெளிமாநிலத்துக்காரங்களுக்கு அதை விட பத்து மடங்குக்கு மேல.

ஈரோட்டுக்காரி
பிப்ரவரி 16

ராக்கி மவுண்டன் எல்க் ஃபவுண்டேஷன்ல சேர்ந்துக்கங்க. 1984ல மொன்டானால நாலு பேரு ஆரம்பிச்சது. பத்திரிகை வரும், அதைவிட முக்கியம் உள்ளூர் கிளைக்காரங்க கோடைல பழைய முள்வேலி பிடுங்கற வேலைக்குக் கூப்பிடுவாங்க. ஒரு நாள் கூட நின்னு வேலி பிடுங்கிப் பாருங்க, சாயங்காலம் டிபன் பாக்ஸ் திறக்கறப்ப எந்த புக்குலயும் இல்லாததைச் சொல்லுவாங்க. நாங்க காசு குடுத்து ஒரு வழிகாட்டி கூட முதல் வருஷம் போனோம், அஞ்சு நாளும் வண்டியிலயே சுத்திக் காட்டுனாரு, எதுக்கு இந்த எடம், எதுக்கு இந்த நேரம்னு கேட்டா பதிலே வராது. அந்தக் காசுல ரெண்டு நல்ல பைனாகுலர் வந்திருக்கும்ங்க.

வைகைக்கரை
ஜூன் 22

அப்டேட். ஹன்டர் எஜுகேஷன் நேர்ல முடிச்சேன், சொன்ன மாதிரியே வாத்தியார் கூட வெளிய நின்னு ஒரு மணி நேரம் பேசுனேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு .30-06 ரைஃபிள் வாங்கியிருக்கேன், வாரம் ஒரு தடவை ரேஞ்ச். மேசைல வச்சு சுட்டா 200 கஜத்துல அழகா விழுது, மண்டி போட்டு சுட்டா நூறு கஜத்துலயே சிதறுது.

ஆடு வெட்டியாச்சு அக்கா. முன்னங்கால் நீங்க சொன்ன மாதிரியே கையோட வந்துருச்சு. பின்னங்கால் மூட்டைக் கண்டுபுடிக்க அரை மணி நேரம் ஆச்சு, ரெண்டாவது கால் அஞ்சே நிமிசம்.

பாறைக்காட்டான்
ஜூன் 23

மேசையை மறந்துருங்க, காட்டுல மேசை இல்ல. உக்காந்து, மண்டி போட்டு, ரெண்டு குச்சி மேல சாய்ச்சுன்னு மட்டும் பழகுங்க. அம்பது அடி ஓடிட்டு வந்து மூச்சு வாங்க வாங்க சுட்டுப் பாருங்க, ரேஞ்ச்ல விட்டா. பத்துக்கு ஒம்பது விழுற தூரம் எதுவோ அதுதான் உங்க தூரம், அது 120 கஜம்னா 120தான். காயம் பட்ட எல்க்கை இருட்டுல தேடுற ராத்திரி உங்களுக்கு வர வேண்டாம்.

வைகைக்கரை
செப்டம்பர் 28

நேத்து குடும்பத்தோட எஸ்டெஸ் பார்க் போனோம், ராக்கி மவுண்டன் நேஷனல் பார்க் உள்ள மொரைன் பார்க் புல்வெளி ஓரம் சாயங்காலம் நின்னோம். அங்க வேட்டை கிடையாது, இந்த சீசன்ல சாயங்காலத்துக்கு மேல புல்வெளிக்குள்ள இறங்கவும் விடமாட்டாங்க, ரோட்டோரம்தான். இருட்டுற நேரம் முதல் பியூகிள் கேட்டுச்சு. இவ்வளவு பெரிய உடம்புலேர்ந்து புல்லாங்குழல் மாதிரி ஒரு சத்தம் வரும்னு வீடியோல எத்தனை தடவை கேட்டும் தெரியல, எம்பொண்ணு என் கைய இறுக்கிப் புடிச்சுகிட்டா. ரெண்டு மணி நேரம் பைனாகுலர்ல கொம்பு எண்ணிப் பழகுனேன், தலையைத் திருப்புறப்ப நாலு கிளையான்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்னு அங்கதான் தெரிஞ்சுது. காத்து மாறுனப்ப அந்த வாசமும் வந்துச்சு, நம்ம ஊரு மாட்டுத்தொழுவ வாசம் அப்படியே.

நுவரெலியாத்தம்பி
செப்டம்பர் 29

அந்த மணத்தை மறந்திடாதேங்கோ. காட்டுக்குள்ள நடக்கேக்கை அது உங்களுக்கு வந்தால் காத்து உங்கட பக்கம், மிருகம் கிட்டத்தில. அப்ப நில்லுங்கோ.

வைகைக்கரை
நவம்பர் 4

வந்துட்டேன். ஒம்பது நாள் சீசன்ல ஆறு நாள் இருந்தேன். நான் எதுவும் சுடல.

மூணாவது நாள் காலைல ஒம்பதரை மணி, வடக்கு சரிவுல கீழேர்ந்து மேல ஏறிட்டிருந்தேன், அந்தத் தொழுவ வாசம் வந்துச்சு. நின்னுட்டேன். அம்பது அறுபது அடி தள்ளி மரத்துக்கு நடுவுல ஒரு காது ஆடுச்சு, அப்புறம் முதுகு. குப்பிய எடுத்து ஊதுனேன், பவுடர் என் முகத்துக்கு வந்தது, ரெண்டாவது தடவை ஊதுனப்ப நேரா மேல போச்சு. என் நோட்டுல அந்தச் சரிவுக்கு ஒம்பதே முக்கால்னு நானே எழுதி வச்சிருக்கேன், அன்னைக்கு வெயில் கொஞ்சம் முன்னாடியே வந்துருச்சு. பத்து செகண்ட்ல மரம் முறியுற சத்தம், அவ்வளவுதான்.

அஞ்சாவது நாள் 90 கஜத்துல ஒரு இளம் ஆண், ரெண்டு பக்கமும் ஒத்தைக் கொம்பு. புருவக் கிளையே இல்ல. அது புல்லு தின்னு முடிக்கிற வரைக்கும் இருபது நிமிசம் பாத்துட்டே இருந்தேன்.

ஆறாவது நாள் வேலி பிடுங்குறப்ப பழக்கமான பெரியவரு ஒருத்தரு போன் பண்ணாரு, ஒரு ஆண் கெடச்சிருக்கு, தனியா இருக்கேன், வர முடியுமான்னு. ஒண்ணரை மைல் உள்ள. ஒரு பக்கம் முழுக்க நான்தான் பிரிச்சேன், மூட்டு எங்க இருக்குன்னு கை தேடாமயே போச்சு. ஆளுக்கு ரெண்டு நடை, ராத்திரி பதினொண்ணரைக்கு வண்டிக்கு வந்தோம். பின்னங்கால் ஒண்ணை எடுத்துக்கன்னு குடுத்துட்டாரு. டெஸ்ட் ரிசல்ட் நேத்து வந்துச்சு, நோய் இல்ல. இன்னைக்கு கீழ்க்கால் எலும்புக் கறிய குக்கர்ல போட்டு ரசம் மாதிரி வச்சோம், மீதிய பேக் பண்ணி தேதி எழுதியாச்சு.

அண்ணா ஒண்ணு கேக்கணும். அந்த மூணாவது நாள் எடத்தை மேப்ல குறிச்சு வச்சிருக்கேன். அடுத்த வருஷம் அதே சரிவுக்கு பக்கத்து முகட்டு வழியா, ஒம்பது மணிக்கு முன்னாடியே குறுக்கா வந்தா சரியா இருக்குமா, இல்ல சாயங்காலம் மேலேர்ந்து காத்து இறங்குறப்ப கீழ உக்காந்து காத்திருக்குறது நல்லதா?

பாறைக்காட்டான்
நவம்பர் 4

சாயங்காலம் கீழ. காலைல அந்தக் காட்டுக்குள்ள போகாதீங்க, அது படுக்குற எடம், ரெண்டு தடவை கலைச்சா விட்டுப் போயிரும். புல்லு எந்தப் பக்கம் இருக்குன்னு மேப்ப அனுப்புங்க, தனியா மெசேஜ்ல, இங்க பொதுவுல போடாதீங்க.